சுருளிவேல் அண்ணன் சொன்ன ‘ஆகட்டும்’

அன்று காலை எழுந்ததும், முகம்கூடக் கழுவாமல், கைபேசியை எடுத்துச் சுருளிவேல் அண்ணனின் மின்னஞ்சல் வந்திருக்கிறதா என்று பார்த்தேன். பதினொரு நாளாக அதுதான் என் முதல் வேலை. அன்றும் வரவில்லை. பாலை அடுப்பில் வைத்தேன். அது பொங்குவதற்குள் சின்னமனூரிலிருந்து அழைப்பு வந்தது. பேசியவர் அவருடைய மச்சினர். “டீச்சர், மாமா விடியக்காலைல தவறிட்டாக. நெஞ்சு வலிக்குதுன்னாக, ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள முடிஞ்சிருச்சு. சாயங்காலம் எடுக்குறோம்” என்றார்.

அடுப்பை அணைத்துவிட்டு நின்றேன். ‘இனி அந்த மின்னஞ்சல் வராது’ என்பதுதான் மனதில் முதலில் எழுந்த எண்ணம். அழுகை அதற்குப் பிறகுதான் வந்தது. இந்த வரிசையை மாற்றி எழுதலாம், யாருக்கும் தெரியாது. ஆனால் அதை மறைத்துவிட்டு அவரைப் பற்றி நான் என்ன எழுதினாலும் அது அஞ்சலி ஆகாது.

இதை வாசிக்கிற உங்களில் பலர் அவரை நேரில் பார்த்திருக்கமாட்டீர்கள். ‘துணைக்கால்’ நிரல் தொகுப்பை எழுதியவர்கள் பட்டியலில் ஒரு பெயராகப் பார்த்திருப்பீர்கள். சின்னமனூர்க்காரர்களுக்கோ அவர் கல்யாணப் பத்திரிகையும் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டியும் அடித்துத் தருகிற டிடிபி கடைக்காரர். இந்த இரண்டு கூட்டத்துக்கும் ஒன்றையொன்று தெரியாது. இரண்டிலும் கால் வைத்திருந்தவள் நான் ஒருத்தி.

பழைய தமிழ் எழுத்துருக்களில் அடித்த கோப்புகளை இன்றைய யூனிகோடு எழுத்துக்கு மாற்றித் தருகிற சின்ன நிரல்தான் துணைக்கால். எட்டு வருடங்களுக்கு முன் எங்கள் கல்லூரியின் பழைய ஆண்டு மலர்களை இணையத்தில் ஏற்றுவதற்காக அதை எழுதத் தொடங்கினேன். மலர்களை அடித்தது சுருளிவேல் அண்ணன் கடை. மூலக் கோப்புகளை வாங்கப் போன இடத்தில், அவர் கணினியிலேயே நிரலை ஓட்டிக் காட்டினேன். ‘காலம்’ என்று இருந்த இடங்களில் ‘கரலம்’ என்று வந்தது. ‘மாணவர் மன்றம்’, ‘மரணவர் மன்றம்’ ஆகிவிட்டது. என் நிரல் சரியில்லை என்று நான் குறுகிப்போனேன். அவர் நாற்காலியில் சாய்ந்து, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்.

“மெஷினு ஒழுங்காத்தேன் இருக்கு டீச்சர். நாந்தேன் சரியில்ல.”

பழைய எழுத்துருவில் ரகரமும், ‘கா’, ‘மா’வில் வருகிற காலும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். அவசரத்தில் விரல் எதை வேண்டுமானாலும் தட்டும். தாளில் வந்துவிட்டால் எது கால், எது ரகரம் என்று அடித்தவருக்கே தெரியாது. அப்படி இருபது வருடமாக அவர் கடைக் கோப்புகளில் கால் இருக்க வேண்டிய இடங்களில் ரகரம் நின்றுகொண்டிருந்திருக்கிறது. என் நிரல் உள்ளதை உள்ளபடி படித்ததால் அது வெளியே வந்துவிட்டது.

இரண்டு வாரம் கழித்து என்னை வரச் சொன்னார். ஒரு நாற்பது பக்க நோட்டு நிறைய, விரல்கள் என்னென்ன தப்புச் செய்யும் என்று எழுதி வைத்திருந்தார். காலுக்கு ரகரம். ஔகாரக் குறிக்கு ளகரம். புள்ளி வைத்த எழுத்தில் இன்னொரு புள்ளி. ‘எ’ போட வேண்டிய இடத்தில் தமிழ் எண் ஏழு. பிறகு அவரே உட்கார்ந்து அதை நிரலுக்கான கோப்பாக்கினார். முந்நூற்றுச் சொச்சம் வரிகள். கோப்பின் தலைப்பில் ஒரு குறிப்பு: “இவை நான் செய்த தப்புகள். வேறு யாரையும் சொல்லவில்லை. சுருளிவேல், சின்னமனூர்.” நிரலுக்குத் துணைக்கால் என்று பெயர் வைத்ததும் அவர்தான். “கால்லதான பிரச்சினையே ஆரம்பிச்சுச்சு” என்றார்.

என்னைக் கேலி செய்ய அவருக்குப் பிடிக்கும். ஒருமுறை, கௌரி, மௌனம், பௌர்ணமி எல்லாவற்றையும் ஒரே வரியில் சரிசெய்துவிட்டதாகப் பெருமையோடு காட்டினேன். எகரக் குறியும் அடுத்துக் குறியோ புள்ளியோ இல்லாத ளகரமும் வந்தால் ஔகாரமாக மாற்றிவிட வேண்டும், அவ்வளவுதான் என்றேன். அவர் உள்ளூர் நாடக நோட்டீசு ஒன்றை அதற்குள் போட்டார். ‘வெளக்கமாறு’ என்று இருந்தது ‘வௌக்கமாறு’ என்று வந்தது. “உங்க நிரலு படிச்சவுக எழுதுனது டீச்சர். எங்க கடைக்கு வர்ற பேச்சு அப்பிடி இல்ல. வெளக்கமாத்துக்குத் தெரியுமா உங்க இலக்கணம்?” என்றார். அன்று மாலையே அந்த ஒரு சொல்லுக்காக ஒரு வரி சேர்த்தார். அது இன்னும் இருக்கிறது.

அவருடைய இன்னொரு முகத்தை, நிரலை முதன்முதலாக வெளியிட்டபோது பார்த்தேன். எந்த உரிமத்தில் வெளியிடுவது என்று முடிவு செய்ய வேண்டியிருந்தது. இரண்டு வழிகளை விளக்கினேன். ஒன்றில், யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் மாற்றி எழுதிப் பிறருக்குக் கொடுத்தால், மாற்றியதையும் எல்லோருக்கும் திறந்தே வைக்க வேண்டும். மற்றதில், எடுத்தவர் மாற்றி, மூடி, தன்னுடையதாகவே விற்கலாம். நான் பேசி முடிக்கும்வரை அவர் காத்திருக்கவில்லை. மேசை இழுப்பறையைத் திறந்து, தீப்பெட்டி அளவில் ஒரு பொருளை எடுத்து என் முன் வைத்தார். பழைய தமிழ் மென்பொருள்களோடு வருகிற ‘லாக்கு’. கணினியின் பின்னால் அதைச் செருகினால்தான் எழுத்துரு வேலை செய்யும். ஒரு மழைக்காலத்தில் அது கெட்டுப்போனது. விற்றவர்கள் தொழிலை மூடிவிட்டுப் போயிருந்தார்கள். அவர் கடையில், அவர் கையால் அடித்த கோப்புகளை அவராலேயே திறக்க முடியாமல் ஏழெட்டு மாதம் உட்கார்ந்திருந்தாராம்.

“எடுக்கிறவன் எடுக்கட்டும் டீச்சர். பூட்ட மட்டும் விடக் கூடாது” என்றார். முதல் வழியிலேயே வெளியிட்டோம்.

இப்போது ‘ஆகட்டும்’ என்ற சொல்லுக்கு வருகிறேன். ஒரு நாள் நான் கடையில் இருக்கும்போது ஜெயமங்கலத்திலிருந்து ஒருவர் வந்தார். காதணி விழாப் பத்திரிகை, மறுநாள் காலையில் வேண்டும் என்றார். அண்ணன் முகம் மலர, “ஆகட்டும்ணே” என்றார். வந்தவர் வணக்கம் சொல்லி இறங்கி, நேராக எதிர்க்கடைக்குப் போனார். எனக்குச் சிரிப்பு வந்தது. நீங்கள்தான் சரி என்றீர்களே, அவர் ஏன் அங்கே போகிறார் என்று வேண்டுமென்றே கேட்டேன்.

“நான் எப்ப சரின்னேன்? ஆகட்டும்னேன். கடை தேடி வந்தவரு மூஞ்சிக்கு நேரா இல்லன்னு சொல்ல முடியுமா? அவருக்குப் புரிஞ்சுச்சு, போயிட்டாரு. உங்களுக்குத்தேன் காலேஜுக்குப் போயி மறந்துபோச்சு.”

மறக்கவில்லை. நானும் சின்னமனூரில் பிறந்தவள்தான். எங்கள் பக்கம் கல்யாணத்துக்கு அழைத்தால் “வந்துர்றோம்” என்பவர் வருவார். “ஆகட்டும்” என்பவர் வரமாட்டார். அழைத்தவருக்கும் அது தெரியும். இலை போடும்போது அந்தத் தலையை எண்ணமாட்டார்கள்.

போன வருடக் கடைசியில் ஒரு நிறுவனம் எனக்கு எழுதியது. துணைக்காலைத் தங்கள் செயலியில் சேர்க்க விரும்பினார்கள். இப்போதைய உரிமத்தில் தங்கள் வழக்கறிஞர்கள் ஒப்பமாட்டார்கள், இரண்டாவது வகைக்கு மாற்றித் தர வேண்டும் என்றார்கள். மாற்றினால் அதைப் பராமரிக்கிற வேலையை எனக்கே தருவதாகவும், வீட்டிலிருந்தே செய்யலாம் என்றும் சொன்னார்கள். பதினாறு வருடமாக நான் ஒப்பந்த விரிவுரையாளர். ஒவ்வொரு மே மாதமும் என் வேலை முடிந்துவிடும். ஜூன் மாதம் மறுபடி ஆணை வருமா என்று முதல்வர் அறை வாசலில் நிற்க வேண்டும். இனி நிற்க வேண்டாம் என்ற நினைப்பே எனக்குப் போதை போல இருந்தது.

உரிமத்தை நான் ஒருத்தியாக மாற்ற முடியாது. அவரவர் எழுதிய வரி அவரவருக்குச் சொந்தம். துணைக்காலில் வரி எழுதியவர்கள் ஏழு பேர். ஏழு பேரும் சம்மதிக்க வேண்டும். பொதுவில் ஒரு பட்டியல் போட்டேன். ஐந்து பேர் ஒரே வாரத்தில் எழுத்தில் சம்மதம் தந்தார்கள். என்னையும் சேர்த்து ஆறு. அண்ணன் மட்டும் பாக்கி.

மதிய இடைவேளையில், ஆளில்லாத ஆய்வகத்தில் உட்கார்ந்து அவரை அழைத்தேன். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன், வேலையைப் பற்றியும். அந்தப் பக்கம் அச்சு இயந்திரம் தாளை இழுக்கிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, “ஆகட்டும் டீச்சர்” என்றார். ஒரு வரி மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள் என்றேன். அதற்கும், “ஆகட்டும்” என்றார். சாப்பிட்டாச்சா என்று கேட்டார். வைத்துவிட்டார்.

நான் பட்டியலைத் திறந்து, அவர் பெயருக்கு எதிரே பச்சைச் சரிக்குறி போட்டேன். பக்கத்தில் ‘தொலைபேசியில் சம்மதம்’ என்று எழுதினேன். கோயம்புத்தூரிலிருந்து ரமணி, நிரலில் பாதிச் சோதனைகளை எழுதியவர், உடனே வாழ்த்துச் சொன்னார். அந்த நம்பிக்கையில், வரும் ஜூன் முதல் வரமாட்டேன் என்று கல்லூரிக்கும் எழுதிக் கொடுத்துவிட்டேன். ஆகட்டும் என்றால் சம்மதம் என்று ரமணி நினைத்தால் அதில் தவறில்லை. நான் அப்படிச் சொல்லிக்கொள்ள முடியாது. குறி போடும்போதே என் விரலுக்குத் தெரியும்.

நிறுவனம் எழுத்தில் கேட்டது. நான் காத்திருந்தேன். பதினொரு நாள். மின்னஞ்சல் வராமல் இருப்பதுதான் அவருடைய பதில் என்று எனக்கு மூன்றாம் நாளே தெரிந்திருக்க வேண்டும். இன்னொரு முறை அழைத்துக் கேட்டிருந்தால் அவர் நேராகச் சொல்லியிருப்பாரோ என்னவோ. நேராகச் சொல்லிவிடுவாரோ என்று பயந்துதான் அழைக்கவில்லை.

எடுத்த அன்று மாலை நான் போனபோது கடை அடைத்திருந்தது. ஊரில் இறந்த எல்லோருக்கும் சுவரொட்டி அடித்தவருக்கு எதிர்க்கடைக்காரர் அடித்திருந்தார். அடைத்த கதவின் மேலேயே ஒட்டியிருந்தது. படத்தில் வழக்கமான நீலச் சட்டை. கீழே ‘காலமானார்’ என்று பெரிய எழுத்து. அந்தச் சொல்லில் இருப்பது காலா ரகரமா என்று கிட்டப் போய்ப் பார்த்தேன். தெரியவில்லை. அவர் இருந்திருந்தால் சிரித்திருப்பார்.

பதினாறாம் நாள் முடிந்து இரண்டு நாள் கழித்து மறுபடி போனேன். பையில், வாரிசு கையெழுத்துப் போட வேண்டிய ஒரு பக்கத் தாள் இருந்தது. நிறுவனம் மரியாதையாக ஓர் இரங்கல் வரியோடு அனுப்பியிருந்தது. அண்ணனின் மனைவி ராசாத்தி அக்கா எனக்குக் காப்பி கொடுத்துவிட்டு, நான் வாய் திறப்பதற்கு முன்பே, “தம்பி சொன்னான். எங்கன கையெழுத்துப் போடணும், காட்டு” என்றார்.

அண்ணனிடமே கேட்டிருந்தேன், அவர் ஆகட்டும் என்றார் என்று இழுத்தேன். அக்கா என்னை ஏறிட்டுப் பார்த்தார். அத்தனை நாள் அழுத முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது.

“ஆகட்டும்னாகளா? என்னைய ஒருக்க மேகமலைக்குக் கூட்டிட்டுப் போங்கன்னு இருபத்தஞ்சு வருசமாக் கேட்டேன். ஆகட்டும் ஆகட்டும்னாக. இந்தா, இன்னமும் கீழ இருந்துதேன் பாத்துக்கிட்டு இருக்கேன்.”

காப்பித் தம்ளரைக் கீழே வைத்தேன். அக்கா தொடர்ந்தார். “அவுக ஆருக்கு இல்லன்னு சொல்லியிருக்காக? அதை விடு ஆத்தா. அவுக போயிட்டாக, உனக்கு வேலை ஆகணும்ல. குடு, போடுறேன்.”

கோபமாகப் பேசியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். யோசித்துச் சொல்கிறேன் என்றிருந்தாலும் எழுந்து வந்திருப்பேன். அக்கா கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எல்லாப் பக்கமும் எனக்குக் கதவைத் திறந்தே வைத்திருந்தார்கள். நான்தான் உள்ளே மாட்டிக்கொண்டிருந்தேன். பேனா கொண்டுவரவில்லை என்று பொய் சொன்னேன். பையில் இரண்டு இருந்தன. “கடையில நூறு கிடக்கும், தம்பிய எடுத்தாரச் சொல்லவா?” என்றார். பேருந்துக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்தேன். “அப்பச் சரி, அடுத்த வாரம் வந்து வாங்கிட்டுப் போ” என்றார்.

“ஆகட்டும்க்கா” என்றேன்.

சொன்ன பிறகுதான் என் காதில் விழுந்தது. அக்காவுக்கும் விழுந்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு அவர் தாளைப் பற்றிப் பேசவில்லை. வாசல்வரை வந்து, பார்த்துப் போகச் சொன்னார்.

நடந்ததை ரமணியிடம் அரைகுறையாகச் சொன்னேன். அவர் நல்ல வழி என்று ஒன்று சொன்னார்: அண்ணனின் கோப்பை நீக்கிவிட்டு, அதே வேலையைச் செய்கிற வேறொன்றை நீங்களே புதிதாக எழுதுங்கள்; அப்போது யார் சம்மதமும் வேண்டாம். சட்டப்படி சரிதான். நிறுவனமும் திங்கட்கிழமைவரை அவகாசம் தந்தது. ஞாயிறு முழுக்க ஒரு வெற்றுக் கோப்பைத் திறந்துவைத்து உட்கார்ந்தேன். முதல் வரியாக, காலுக்கு ரகரம் என்று எழுதினேன். அது அவருடையது. அழித்தேன். வேறெங்காவது தொடங்கலாம் என்று ஔகாரத்துக்கு வந்தேன். வெளக்கமாறு வந்து நின்றது. எதைத் தொட்டாலும் அது அவருடைய விரல் செய்த தப்பாக இருந்தது. அந்தத் தப்புகளை நான் செய்ததில்லை. அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். தெரிந்ததைத் தெரியாததுபோல மறுபடி எழுதினால் அது புதிது ஆகாது. அவர் பெயரை மட்டும் எடுத்துவிட்ட பழையதுதான்.

மாலையில் அவருடைய கோப்பையே திறந்து வாசித்துக்கொண்டிருந்தேன். அந்த முந்நூறு வரிகளும் செய்வது ஒரே வேலைதான். பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கிற இரண்டைப் பிரித்துச் சொல்வது. இது கால், இது ரகரம். அதைச் செய்ய அவர் முதலில் தன் தப்பை ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. என் பட்டியலில் இருக்கும் பச்சைக் குறியும் பார்க்கிறவர்களுக்கு மற்ற ஆறு குறிகளைப் போலத்தான் இருக்கிறது.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அதிகமில்லை. கெட்டுப்போன அந்த லாக்கை, உரிமத்தைப் பற்றி அன்று பேசி முடித்ததும், “நீங்களே வச்சுக்கோங்க டீச்சர், பாடம் நடத்த ஆகும்” என்று என் கையில் கொடுத்தார். அது என் மேசையில் இருக்கிறது. கோப்பின் தலைப்பில் இருக்கும் அந்தக் குறிப்பும் இருக்கிறது. சாப்பிட்டாச்சா என்று அவர் கேட்டதற்கு நான் என்ன பதில் சொன்னேன் என்பது மட்டும் எத்தனை யோசித்தும் நினைவுக்கு வரவில்லை.

இதை எழுதி முடிக்கிற இந்த நேரம்வரை, ரமணிக்கோ ராசாத்தி அக்காவுக்கோ என் வீட்டில் இருப்பவர்களுக்கோ நான் எதுவும் சொல்லவில்லை. அண்ணன் பெயருக்கு எதிரே இருக்கும் சரிக்குறியை எடுத்துவிடப் போகிறேன். அங்கே ‘சம்மதிக்கவில்லை’ என்று எழுதி, முன்பு போட்ட குறி நான் செய்த தப்பு, வேறு யாரையும் சொல்லவில்லை என்று என் பெயரையும் போடுவேன். துணைக்கால் இப்போதிருக்கும் உரிமத்திலேயே இருக்கும். ஜூனில் எனக்கு எங்கே வேலை என்று தெரியாது.

நாளைக் காலை பத்து மணிக்கு நிறுவனத்திலிருந்து அழைப்பார்கள். நல்ல மனிதர்கள். முகத்துக்கு நேராக மறுப்பது எனக்கும் வராது. ஆனாலும் ‘ஆகட்டும்’ என்று சொல்லமாட்டேன்.